ஊவாவில் வாட்டர்லூ வேண்டாம்

அப்புத்தளையில் ஞாயிறு பின்னேரங்களில் 1818ஆம் ஆண்டை மேசையில் விரித்து விளையாடும் நண்பர்களுக்கு,

உங்கள் கைவேலையில் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பதுளை, பசறை, பிபிலை, வெல்லவாய எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. மட்டையில் வெட்டி ஒட்டிய காய்களில் படைப்பிரிவின் இலக்கம்கூடச் சரி. ஆனால் போன ஆட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் விளையாடியது ஊவாப் போரே இல்லை. கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல திசாவை தன் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே குவியலாக அடுக்கிக்கொண்டு வெலிமடை வெளியில் வந்து நிற்கிறார். வெள்ளைக்காரத் தரப்பு பதுளையிலிருந்து மூன்று குவியலாக இறங்கி மூன்று பக்கமும் வளைக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்தாயிற்று, பகடையும் உருண்டாயிற்று. 1817 டிசம்பரிலேயே போர் முடிந்து, எல்லோரும் ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் எழும்பிவிட்டீர்கள். உண்மையில் அது, பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கண்டியர் எழுந்து, அடுத்த வருஷம் நவம்பர் வரை இழுத்த போர்.

விதிகள் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அமெரிக்காவின் அவலன் ஹில் கம்பனி 1962இல் வெளியிட்ட ‘வாட்டர்லூ’ பெட்டியின் விதிகளை அப்படியே எடுத்து, அதன்மேல் ஊவா வரைபடத்தைப் போர்த்தியிருக்கிறீர்கள். ஒவ்வொரு காய்க்கும் ஒரு பலம், ஒரு நடை. எதிரிக் காய்க்குப் பக்கத்து அறுகோணத்தில் கால் வைத்தால் அங்கேயே நின்றாக வேண்டும். பலத்தைக் கூட்டி வகுத்து அட்டவணையைப் பார்த்தால் முடிவு கைக்கு வந்துவிடும். நெப்போலியனுக்கு இது பொருந்தும். பத்துப் பதினைந்து சதுர கிலோமீட்டருக்குள் இரண்டு லட்சம் பேர் அளவில் நெருக்கிக்கொண்டு நின்று ஒரே நாளில் கணக்கைத் தீர்த்த சண்டை அது. ஊவாவில் அப்படி ஒரு நாள் வரவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் காய்களில் 73 என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளம் 1815 ஜூன் மாதம் வாட்டர்லூ களத்தில் நின்றது. முதலாம் பட்டாளம் அதே வருஷம் இலங்கையில் இருந்தது. மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை முடியிறக்கி வேலூருக்கு அனுப்பும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். இரண்டு பட்டாளத்துக்கும் ஒரே உடுப்பு, ஒரே துப்பாக்கி, ஒரே பயிற்சி. அங்கே நின்றவர்களைக் குண்டு கொன்றது. இங்கே வந்தவர்களைக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் கொன்றன. ஒரு காயின் பலத்தை எழுதும்போது படைப்பிரிவின் இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நமக்கு மாதிரி வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. லயத்துத் திண்ணையில் கரிக்கோட்டால் கீறி விளையாடிய ஆடுபுலி போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்குப் பாய்ந்து வெட்டும் உரிமை உண்டு, ஆட்டுக்கு இல்லை. ஆடு வெட்டாமலே, சூழ்ந்து அடைத்து வெல்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி என்ற நினைப்பே அந்த ஆட்டத்தில் கிடையாது. மேலைநாட்டு வடிவமைப்பாளர்கள் இதைக் கெரில்லாப் போருக்குப் பொருத்தத் தனியாகப் பாடுபட்டார்கள். வோல்கோ ருன்கே 2012இல் வெளியிட்ட கொலம்பிய உள்நாட்டுப் போர் ஆட்டத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் தனி விதி, தனி வெற்றி. நம்ம பாட்டிமாருக்கு அது விடுகதையே இல்லை. ஆகவே முதல் திருத்தமாக இரண்டு தரப்புக்கும் தனித்தனி விதித்தாள் எழுதுங்கள். மூன்றுக்கு ஒன்று அட்டவணையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. வெட்டவெளியில் மாட்டிக்கொண்ட கூட்டத்துக்கு அது இருக்கட்டும். கண்டியர் காய்க்கு மட்டும், சண்டை தொடங்குமுன் காட்டுக்குள் கலைந்து போகும் உரிமை வேண்டும். பகடையில் ஒன்று விழுந்தாலொழிய அது தப்பிவிடும், அடுத்த மாதம் இரண்டு கட்டம் தள்ளி மறுபடி முளைக்கும். பக்கத்துக் கட்டத்தில் கால் வைத்தால் நிற்க வேண்டும் என்ற சட்டம் அதற்குக் கிடையாது.

வரைபடத்தில் மூன்று விஷயம். ரயில் பாதையை அழியுங்கள். அப்புத்தளைக்கு ரயில் வந்தது 1893இல். தேயிலைப் பச்சையையும் அழியுங்கள். 1818இல் இங்கே தேயிலையும் இல்லை, கோப்பித் தோட்டமும் இல்லை, நம்ம ஆட்களும் இல்லை. அழிக்கக் கூடாதது ஒன்று உண்டு, அதை நீங்கள் கீறவே இல்லை. அப்புத்தளையில் நின்று தெற்கே பார்த்தால் கால் நுனியிலிருந்து நிலம் சரிந்து விழுகிறது. வானம் தெளிந்த நாளில் அடிவாரச் சமவெளி முழுக்கக் கண்ணுக்குள் வரும். இந்த விளிம்பு இதல்கசின்னப் பக்கமிருந்து எல்ல வரை ஒரு மதில். அதைத் தடித்த கோடாகப் போட்டு, கணவாய்களில் மட்டும் இடைவெளி விடுங்கள். கணவாய் வழியாக ஏறும் படை ஒரு மாத நடையை முழுதாகச் செலவிட வேண்டும். இறங்குகிற கண்டியருக்குப் பாதி போதும், அவர்களுக்கு ஒற்றையடிப் பாதைகள் தெரியும்.

இனி அரிசிக்கு வருவோம். என் மடலில் பாதி இதற்குத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து பதுளைக்குப் பாதை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் என்று வையுங்கள். தலைச்சுமையோடு நடக்கும் ஒருவர் நாளுக்கு 14 கிலோமீட்டர் போவார் என்றால் பதினொரு நாள். சுமை 20 கிலோ. அவரும் சாப்பிட வேண்டும், நாளுக்கு முக்கால் கிலோ. போக பதினொன்று, வர பதினொன்று, இருபத்திரண்டு நாளுக்கு பதினாறரைக் கிலோ. பதுளைக் கோட்டையில் இருக்கும் சிப்பாய்க்கு அந்த மூட்டையிலிருந்து மிஞ்சுவது மூன்றரைக் கிலோ. ஒரு சிப்பாயை ஒரு மாதம் அங்கே நிறுத்தி வைக்க ஆறேழு பேர் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். அவர்களுக்குக் காய்ச்சல் வரக்கூடாது, ஆற்றில் வெள்ளம் வரக்கூடாது, வழியில் அம்பு வரக்கூடாது. கண்டிப் பக்கமிருந்தும் தெற்குக் கரையிலிருந்தும் வந்த பாதைகளுக்கும் இதே வாய்ப்பாடுதான். கொழும்பிலிருந்து கண்டிக்கே ஒரு வண்டிச் சாலை அப்போது கிடையாது.

உங்கள் ஆட்டத்தில் இந்த மனிதர்கள் இல்லை. பதுளையில் ஒரு கொடி நட்டால் அதைச் சுற்றியிருக்கும் படைக்கெல்லாம் தானாகச் சோறு கிடைத்துவிடுகிறது. இதை மாற்றுங்கள். அரிசிக்குத் தனிக் காய், சுமைகூலிக்குத் தனிக் காய். ஒரு அரிசிக் காய் ஒரு படைக்காய்க்கு ஒரு மாதம். உங்கள் அறுகோணம் ஒன்று எட்டு கிலோமீட்டர். ஐந்து கட்டம் வரை சுமந்தால் அரிசி முழுதாகப் போய்ச் சேரட்டும், பத்துக் கட்டம் வரை பாதி, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. வெள்ளைக்காரத் தரப்புக்கு அப்போதுதான் இடையிடையே முகாம் போட்டு அரிசி சேர்க்கும் புத்தி வரும். ஒவ்வொரு முகாமுக்கும் காவல் வேண்டும், காவலுக்கும் சோறு வேண்டும். அடிபட வந்த படையில் பெரும்பகுதி பாதையைக் காக்கவே போய்விடும். 1818இன் முதல் பாதி முழுக்கப் பிரவுண்ரிக் ஆளுநரைப் பிடித்தாட்டியது இந்தத் தலைவலிதான்.

சுமைகூலிகள் விரும்பி வந்தவர்கள் இல்லை. கரையோர மாகாணங்களில் முதலியார்மார் ஊர் ஊராகப் பிடித்துக் கொடுத்த ஆட்கள். சம்பளமும் சொற்பம், மலைக்குளிருக்குப் போர்வையும் இல்லை. ஆகவே மாதத் தொடக்கத்தில் ஒவ்வொரு சுமைகூலிக் காய்க்கும் ஒரு பகடை. ஒன்று விழுந்தால் நோய், காய் மேசையிலிருந்து எடுக்கப்படும். இரண்டு விழுந்தால் இரவோடிரவாக ஓடிப் போயிற்று, சுமை வழியில் கிடக்கும், கண்டியர் எடுத்துக்கொள்ளலாம். செத்த சுமைகூலிக் காய்களைப் பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள். மேசை ஓரத்தில் வரிசையாக வையுங்கள். படைப்பிரிவுகளுக்குச் சரித்திரம் எழுத ஆள் இருந்தது. இவர்களில் ஒருவர் பெயர்கூட நான் வாசித்த எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் வரவில்லை.

கண்டியர் பக்கத்து அரிசி வேறு மாதிரி. அவர்களுக்குச் சுமைகூலி வேண்டாம், ஊரே களஞ்சியம். ஒவ்வொரு ஊர்க் கட்டத்திலும் மூன்று அரிசிக் காய் வையுங்கள். மாசி பங்குனியில் பெரும்போக அறுவடை, ஆவணி புரட்டாதியில் சிறுபோகம். இரண்டு முறையும் நிரப்பலாம். ஒரு ஊரில் ஒரு காய் தங்கினால் மாதம் ஒன்று தீரும். ஐந்து காய் குவிந்தால் அதே மாதத்தில் ஊர் காலி. கெப்பெட்டிபொலவை ஒரே குவியலாக அடுக்கும் ஆசை உங்களுக்கு அப்போது தானாகவே விட்டுப்போகும். ‘ஒரு கட்டத்தில் மூன்று காய்க்கு மேல் கூடாது’ என்று சட்டம் போடத் தேவையில்லை. பசி அந்தச் சட்டத்தைப் போட்டுக்கொள்ளும்.

குவிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் வரைபடத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. 1818இன் தொடக்க மாதங்களில் வெலிமடைப் பக்கம் பரணகமவில் மேஜர் மக்டொனால்ட் அறுபது பேர் அளவிலான ஆட்களோடு ஒரு மேட்டில் அடைந்து கிடந்தார். கெப்பெட்டிபொல ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி எட்டு நாள் முற்றுகை போட்டார். எடுக்க முடியவில்லை. அந்த மேட்டுக்கு மக்டொனால்ட் கோட்டை என்று இன்றும் பெயர். பீரங்கி இல்லாத படை வேலியடைத்த முகாமை மோதிப் பிடிக்க முடியாது. அங்கே ஆயிரக்கணக்கானோருக்கு எட்டு நாளுக்கு மேல் சோறு போடவும் முடியாது. ஆகவே முகாமை மோதிப் பிடிக்கும் விதியை முழுதாக எடுத்துவிடுங்கள். அரிசி தீர்ந்தால் மட்டும் முகாம் விழட்டும். 1803இல் கண்டியில் மேஜர் டேவியின் படை சரணடைந்ததும் காய்ச்சலும் பட்டினியும் அரித்துத் தின்ற பிறகுதான்.

காய்ச்சலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதிலுக்குக் கீழேயும் வெல்லஸ்ஸப் பக்கமும் மலேரியா நிலம், மேலே பதுளை வெலிமடையில் அவ்வளவு இல்லை. நுளம்புதான் காரணம் என்று ரொனால்ட் ரொஸ் 1897இல் கண்டுபிடிக்கும்வரை எல்லோரும் கெட்ட காற்றைத்தான் திட்டினார்கள். தாழ்நிலத்தில் மாத முடிவில் நிற்கும் ஒவ்வொரு வெளியூர்ப் படைக்கும் பகடை, ஒன்றோ இரண்டோ விழுந்தால் பலம் பாதி. உள்ளூர்க் காய்க்கு ஒன்று விழுந்தால் மட்டும்.

மழையில் துப்பாக்கி. இதற்கு 1818ஐ விட நல்ல உதாரணம் நம்ம மதிலுக்குக் கீழேயே இருக்கிறது. 1630 ஆகஸ்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா ஊவாவுக்குள் புகுந்து பதுளையை எரித்துவிட்டுத் திரும்புகையில், வெல்லவாயவுக்குப் பக்கத்தில் ரந்தெனிவெலவில் மாட்டிக்கொண்டார். மழை கொட்டியதில் மருந்தும் திரியும் நனைந்தன. அதற்கு முன்னமே அவரோடு வந்த சிங்கள லஸ்கரின் படை, முதலியார்மாரின் ஏற்பாட்டில், எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. டி சா அங்கேயே செத்தார். ஐப்பசி முதல் தை வரை ஊவாவில் மழைக்காலம். அந்த மாதங்களில் மோதலுக்கு முன் வானத்துக்கு ஒரு பகடை போடுங்கள். மூன்றோ அதற்குக் கீழோ என்றால் துப்பாக்கிப் பலம் கழிந்தது. அம்புக்கும் ஈட்டிக்கும் கழிவு இல்லை. ஆடி ஆவணியில் கச்சான் வீசும்போது மழை அரிது, ஆகவே ஒன்று விழுந்தால் மட்டும் துப்பாக்கி நனையட்டும், டி சாவுக்கு நேர்ந்ததுபோல. அப்போது நெருப்பு எளிது. அதைப் பிறகு சொல்கிறேன்.

லஸ்கரின் சாய்ந்த கதைதான் அடுத்த விதிக்கு வாசல். உங்கள் ஆட்டத்தில் ஒரு காய் பச்சை என்றால் முடியும்வரை பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு. நடந்ததோ வேறு. 1817 செப்டெம்பரில் பதுளையின் அரச முகவர் சில்வெஸ்டர் வில்சன் வெல்லஸ்ஸக்குப் போய் அம்பு பட்டு இறந்தார். அதற்குச் சற்று முன், அரசாங்கம் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குத் தலைவராக நியமித்திருந்த ஹஜ்ஜி மரிக்காரைக் கிளர்ச்சிக்காரர் பிடித்துக் கொன்றிருந்தார்கள். அவருடைய நியமனம் பழைய திசாவையின் அதிகாரத்தில் கைவைத்ததே பொறி பறந்ததற்கு ஒரு காரணம். நெருப்பை அணைக்க அரசாங்கம் அனுப்பியது யாரை? ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொலவை. அவர் போனார், நிலைமையைப் பார்த்தார், மறுபக்கம் சேர்ந்தார். அரசாங்கம் கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் சேர்ந்தார். கண்டிப் பிரதானி எஹெலபொலவை நம்பாமல் 1818 மார்ச்சில் பிடித்து அடைத்தார்கள். இன்னொரு பிரதானி மொல்லிகொட கடைசிவரை அரசாங்கத்தோடு நின்று கொழும்பு வழியைத் திறந்து வைத்தார்.

இவர்கள் நாலைந்து பேருக்கும் தனிச் சீட்டு எழுதுங்கள். சீட்டைக் கவிழ்த்து வையுங்கள். யார் எந்தப் பக்கம் என்று இரண்டு ஆட்டக்காரருக்கும் தெரியக்கூடாது. ஒரு தலைவரை வேலைக்கு அனுப்பும்போதுதான் சீட்டைப் புரட்ட வேண்டும். சந்தேகத்தின் பேரில் பிடித்து அடைக்கும் உரிமை வெள்ளைக்காரத் தரப்புக்கு இருக்கட்டும். ஆனால் ஒருவரை அடைத்தால் மற்ற எல்லாச் சீட்டுக்கும் ஒரு பகடை. புத்தரின் தந்ததாது கிளர்ச்சிக்காரர் கையில் இருக்கும் மாதங்களில் அந்தப் பகடையில் அவர்களுக்கு ஒன்று கூடும். அது மீட்கப்பட்டால் ஒன்று குறையும். 1818இன் பிற்பகுதியில் அது திரும்பக் கைப்பற்றப்பட்டதும் எதிர்ப்பு எப்படி உதிர்ந்தது என்று வாசித்தவர்கள் இந்த ஒன்றுக்குச் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

அரசன் காய்தான் எனக்குப் பிடித்தது. கிளர்ச்சியின் அரசனாக முன்வந்தவர் பதவி இறக்கப்பட்ட நாயக்க மன்னரின் சொந்தக்காரர் துரைசாமி என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் வில்பாவே என்ற, துறவாடை களைந்த ஒரு பிக்கு. சிங்களக் கிராமங்கள் தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு இளவரசனுக்காக ஆயுதம் எடுத்தன என்பதை இன்றைய காலத்தில் யாருக்காவது சொன்னால் முறைப்பார்கள். கடைசியில் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான மடுகல்லவே அவரைப் போலி என்று அம்பலப்படுத்தித் தொழுவில் மாட்டினார். ஆகவே கண்டியர் தரப்பை ஆடுபவருக்கும் தன் அரசன் அசலா போலியா என்று தெரியக்கூடாது. சீட்டு மூன்றில் இரண்டு போலியாக இருக்கட்டும். அரசன் களத்தில் தலை காட்டினால் ஊர்கள் எழும். ஒவ்வொரு முறை காட்டும்போதும் குட்டு உடையும் அபாயம் கூடிக்கொண்டே போகும். கண்டியர் பக்கம் ஆடும் தங்கச்சி இதைப் படித்துச் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. அவர் கைக்கு இது நல்ல ஆயுதம், வாய்ப்புக் கெட்டால் நல்ல குழியும்கூட.

மறைவு விதி பற்றி நீங்களே பேசிக்கொண்டிருந்தீர்கள். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர் ஆட்டத்தில் எதிரியின் கண்ணில் படும்வரை ஒரு படையின் காய் வரைபடத்தில் வராது, நடுவர் ஒருவருக்கு மட்டும் முழு நிலையும் தெரியும். நமக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். காலித் தீப்பெட்டிக்குள் காயைப் போட்டு, பெட்டியை நகர்த்தினால் போதும். பாதிப் பெட்டி வெறுமையாக இருக்கட்டும். கட்டளைகளை ஒரு மாதம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1804இல் கப்டன் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து முந்நூறு சொச்சம் பேரோடு கண்டிக்குப் புறப்பட்டார். நாலா பக்கமிருந்தும் மற்றப் படைகள் வந்து சேரும் என்று நம்பினார். திட்டம் மாறிய செய்தி அவருக்குத் தெளிவாகப் போகவில்லை. கண்டியில் அவர் மட்டும்தான் நின்றார். திருகோணமலைக்குத் திரும்பி ஓடிய கதையை அவரே 1810இல் புத்தகமாகப் போட்டார். ஒரு கை அசைவில் ஐந்து காயையும் ஒரே நேரத்தில் நகர்த்தும் வசதி எந்தத் தளபதிக்கும் இருந்ததில்லை.

இப்போது நெருப்பு.

1818 பெப்ரவரி 21ஆம் திகதி கண்டி மாகாணங்கள் முழுவதற்கும் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. அதன் பிறகு போரின் முகம் வேறு. கலைந்து போகும் எதிரியைத் துரத்திப் பிடிக்க முடியாது என்று கண்டுகொண்ட படை, அவன் திரும்பி வரும் ஊரை எரித்தது. வீடு, நெற்களஞ்சியம், கால்நடை, காய்க்கும் மரம் வரை. சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்ப் படைகள் வந்து சேர்ந்ததும் அதைப் பரவலாகச் செய்ய ஆள்பலம் கிடைத்தது. படையோடு இருந்த மருத்துவர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட புத்தகத்தில் அரசுப் படையின் இழப்பை ஆயிரம் அளவிலும் கண்டியரின் இழப்பை ஒருவேளை பத்தாயிரம் அளவிலும் மதிப்பிட்டார். இரண்டிலும் சண்டையில் செத்தவர்கள் சிறுபகுதி. வருத்தத்தோடுதான் எழுதியிருக்கிறார் அந்த மனிதர்.

உங்கள் ஆட்டத்தில் எரிப்பே இல்லை. அதைச் சேர்க்கலாம் என்ற பேச்சு வந்தபோது உங்களில் ஒருவர், ‘சேர்க்கலாம், ஆனால் எரிக்கும் ஒவ்வொரு ஊருக்கும் வெள்ளைக்காரத் தரப்புக்குப் புள்ளி குறைக்க வேண்டும்’ என்றார். நல்ல மனசு. ஆனால் நான் இதற்கு உடன்பட மாட்டேன். பிரவுண்ரிக்குக்கு யாரும் புள்ளி குறைக்கவில்லை. கண்டி மன்னரின் முடியையும் செங்கோலையும் தன் குலச்சின்னத்தில் பொறித்துக்கொள்ளும் மரியாதை அவருக்குக் கிடைத்தது. எரித்தவன் தோற்கும்படி விதி எழுதினால், எரிப்பு வீண்வேலை என்று ஆட்டம் சொல்லிக்கொடுக்கும். அது வீண்வேலையாக இருக்கவில்லை. அதனால்தான் அவர்கள் வென்றார்கள். நம் மனச்சாந்திக்காகச் சரித்திரத்தைத் திருத்துவதற்குப் பெயர் யதார்த்தம் இல்லை.

என் விதி இது. படைக்காய் ஒன்று ஊர்க் கட்டத்தில் ஒரு மாதம் நின்றால் எரிக்கலாம். அறுவடைக்கு அடுத்த மாதம் என்றால் களஞ்சியம் நிரம்பியிருக்கும், ஆகவே இழப்பும் கூடும். கச்சான் மாதங்களில் பக்கத்துக் கட்டத்துக்கும் தொற்றலாம். எரிந்த ஊர் அந்த ஆட்டம் முடியும்வரை யாருக்கும் சோறு போடாது, எரித்தவனுக்கும்கூட. அதுதான் அவனுக்கு உள்ள ஒரே தண்டனை, அதுவும் உண்மையில் இருந்த தண்டனை. எரித்த இடத்தில் தன் படையை நிறுத்தவும் அவன் இனி கரையிலிருந்துதான் சுமந்து வர வேண்டும். மேலே சொன்ன சுமைகூலிக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். எத்தனை ஊரை எரிப்பது, எப்போது நிறுத்துவது என்ற கேள்வி வெள்ளைக்காரத் தரப்பை ஆடுபவருக்கு உண்மையான தலையிடியாக மாறும்.

புள்ளிக் கணக்கை முழுதாக விட்டுவிடுங்கள். கடைசி மாதம் முடிந்ததும் இரண்டு விஷயத்தை மட்டும் கொப்பியில் எழுதுங்கள்: ஊவா யார் கையில், எரியாமல் மிஞ்சிய ஊர் எத்தனை. வென்றவர் பெயரையும் எழுதலாம், அதே வரியில்.

இந்த விதி ஊவாவுக்கு மட்டும் உரியது என்று நினைத்தால், இங்கிருந்து பண்டாரவளைக்குப் போகும் வழியில் தியத்தலாவையில் இறங்கிப் பாருங்கள். 1900இல் தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அடைத்த முகாம் அங்கேதான் இருந்தது. அந்தப் போரிலும் குதிரையேறிக் கலைந்து போகும் விவசாயிகளைப் பிடிக்க முடியாமல், பிரித்தானியப் படை அவர்களுடைய பண்ணை வீடுகளையும் விளைச்சலையும் எரித்தது. அதே அரசு, அதே வழிமுறை, எண்பது வருஷ இடைவெளி. போயர் போரை ஆடும் ஆசை யாருக்காவது வந்தால் நம்ம எரிப்பு விதியைப் பெரிய மாற்றமில்லாமல் அங்கே எடுத்துப் போகலாம், சுமைகூலிக்குப் பதிலாக ரயிலை வைத்துக்கொண்டு.

தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவர் என்னிடம் தனியாகக் கேட்டார்: ‘இந்தச் சண்டையில் நாங்கள் எந்தப் பக்கம் அண்ணே?’ அந்தப் பிள்ளைக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். நம்ம கொப்பாட்டன்மார் அப்போது தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பக்கம் வேறொருவருடைய வயலில் இருந்தார்கள். அங்கிருந்து ஒரு சிலர் சென்னைப் படையில் சிப்பாய்களாக வந்து இந்த ஊர்களுக்குத் தீ வைத்திருக்கவும் கூடும். எந்தப் பக்கமும் நமக்கென்று ஒதுக்கி வைத்திருக்கவில்லை. அதனால் எந்தப் பக்கத்தையும் வெட்கமில்லாமல் எடுத்து ஆடலாம், ஆனால் இரண்டு பக்கத்தையும் ஆட வேண்டும். ஒரே ஆட்டத்தில் பாதியில் இருக்கை மாறுங்கள், 1818 மார்ச்சோடு. அதுவரை முகாம் முகாமாகப் பட்டினி போட்டவர், அதற்குப் பிறகு தன்னுடைய ஊர்கள் எரிவதைத் தடுக்க வழி தேடட்டும்.

செய்ய வேண்டிய வேலைகள் பற்றி. 1817 செப்டெம்பர் முதல் 1818 நவம்பர் வரை மாதம் ஒரு சுற்றாகப் பதினைந்து சுற்று. ஒரு பின்னேரத்தில் முடியாது, ஆகவே மேசையைக் கலைக்காமல் மூடி வைக்க ஒரு பலகை வேண்டும். தலைவர் சீட்டுகளை நான் எழுதித் தருகிறேன், மூன்று மொழியிலும். தீப்பெட்டி சேர்க்கும் பொறுப்பைச் சின்னவர்களிடம் விடுங்கள். மதில் கோட்டையும் கணவாய்களையும் வரைபடம் கீறிய தம்பியே போடட்டும், அவருடைய கை சுத்தம்.

தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. சென்னைச் சிப்பாய்க் காய்களை எந்த மாதம் இறக்குவது? மார்ச்சிலேயே இறக்கினால் எரிப்பு சீக்கிரம் தொடங்கிக் கண்டியர் தரப்பு அடுத்த அறுவடையைக் காணாமலே போய்விடும். ஜூனுக்குத் தள்ளினால் அதற்குள் பாதி முகாம்கள் விழுந்துவிடும். பகடைக்கு விடுவதா, ஆளுநர் தரப்பு சென்னைக்கு எப்போது கடிதம் எழுதுகிறது என்பதோடு முடிச்சுப் போடுவதா? நான் இரண்டாவதன் பக்கம். அப்போதுதான் உதவி கேட்பதைத் தள்ளிப்போடும் கௌரவத்துக்கும் ஒரு விலை இருக்கும். வரும் ஞாயிறு ஆட்டம் தொடங்குமுன் இதை மட்டும் பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மேசை ஓரத்தில் கொப்பியோடு உட்காரும் உங்கள் அண்ணன்
அப்புத்தளை